கணக்கு தொடங்கும் நாள்

மாரிகுப்பத்திலேயே ஏறிவிட்டால்
வொயிட்ஃபீல்டு வரை உட்கார இடம் உண்டு.
மடியில் சாப்பாட்டு டப்பா,
அதன் மேல் எடைச்சீட்டுப் புத்தகம்.

சைட்டில் என் வேலை
வெளியே போவதை எழுதுவது.
உள்ளே வருவதை எழுத ஸ்டோர்கீப்பர் இருக்கிறான்,
அவனுக்கு ஏசி அறை.
எனக்கு கேட்டோரம் தகரக் கொட்டகை,
எடைமேடை,
ஐந்து நிறத்தில் ஐந்து தொட்டி.

கம்பித் துண்டு நானூற்றுப் பத்து கிலோ, முனாவர் வண்டி.
காலி சிமென்ட் பை, கட்டுக்கு ஐம்பது.
ஜிப்சம் தனியாக;
நனைந்துவிட்டால் எவனும் தொடமாட்டான்.
டைல்ஸ் ஓரங்கள் நொறுங்கி
நடைபாதைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
ஒரே ப்ளைவுட்டை திலீப் மாஞ்சி
ஏழு தளத்துக்குத் திருப்பித் திருப்பி அடித்தான்.
எட்டாவது முறை
அது அவன் பிள்ளைக்குத் தொட்டில் பலகை ஆனது.
அதற்குப் பத்தி இல்லை.
'இதர' என்று எழுதினேன், மூன்று கிலோ.

எழுபத்தைந்து சதவீதம் குப்பைமேட்டுக்குப் போகாமல் திரும்பினால்
புள்ளி உண்டு என்பார் ஷர்வாணி மேடம்.
நாங்கள் தொண்ணூற்று மூன்று.
அன்று கேக் வெட்டினார்கள்.
தெர்மாகோல் தட்டுகள் எந்த நிறத் தொட்டிக்கு என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
பதினாலு தட்டு.
என் பைக்குள் திணித்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

பைலப்பாதான் சொன்னான்,
டீ ஆறும்வரை வேறு பேச்சில்லாமல்.
இந்த மனையில் ஒரு வீடு இருந்ததாம். மாடி வீடு.
மார்ச்சில் இடித்தார்கள்.
மே ஒன்றாம் தேதிதான்
நம் கட்டடம் பதிவானது,
நம் கணக்கு பிறந்தது.
நாற்பத்தாறு லோடு, எல்லாம் ராத்திரியில்.
எங்கே என்றேன்.
தாடையை ஏரிப் பக்கம் திருப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
கோரைப்புல் விட்டுக்கொடுத்த இடமெல்லாம் செங்கல்.
கவிழ்ந்து கிடந்த ஒரு பச்சைச் சுவரில்
கரிக்கட்டையால் யாரோ எழுதிய பால் கணக்கு.
எனக்குக் கன்னட எண்கள் தெரியும்.
அரை. அரை. ஒன்று. அரை.
ஒரே ஒரு நாள் இரண்டு லிட்டர்.
யார் வந்திருந்தார்கள்?
நாமக்கோழி ஒன்று அதன்மேல் நடந்து
நீருக்குள் இறங்கியது.

எங்கள் கோலார் வயலில்
மலை என்று பிள்ளைகள் வரைவது சைனைடு மேட்டை.
டன் கல்லுக்குச் சில கிராம் பொன்;
வெள்ளைக்காரன் கிராமைத்தான் எழுதி வைத்தான்.
டன்னை யாரும் எழுதவில்லை.
ஆடிக்காற்றில் அது தானே எழுந்து
எங்கள் குழம்பில் விழுகிறது.

அடுத்த மாதம் மேடத்திடம் கேட்டேன்:
மார்ச்சை எந்தப் பக்கத்தில் எழுதணும்?
பேனாவை மூடினார். திறந்தார்.
கெட்டவர் இல்லை.
என் பிள்ளையின் பீஸுக்கு ஒருமுறை உதவியவர்.
"அது நம்ம ஸ்கோப்ல வராது, அற்புதமேரி"
என்றார் மெதுவாக,
தனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல.

என் புத்தகத்தில் முதல் சீட்டு எண் ஒன்று.
அதற்கு முன்னால் அட்டை,
அட்டையின் உட்புறம் வெறுமை.
அங்கே எழுதினேன்.
லோடு நாற்பத்தாறு. எடை தெரியாது.
சேருமிடம், ஏரி.
எடுத்துச் சென்றவர் பெயரை விட்டுவிட்டேன்,
அவனுக்கு இரண்டு பெண்கள்.
குறிப்பு என்ற இடத்தில்
பால், இரண்டு லிட்டர்.

பழக்கத்தில் கார்பனையும் வைத்திருக்கிறேன்.
அடியில் தாள் இல்லை,
நகல் மேசைப் பலகையில் விழுந்துகிடந்தது.

கேட்டில் ஹாரன். ஜிப்சம் வண்டி.
கிழக்கே கறுத்து வருகிறது,
நனைவதற்குள் எடை போடணும்.